பாறுகளைக் காக்கும் எல்லை எது?

அருகிவரும் உயிரினம் ஒன்றைக் காக்க வேண்டுமென்றால் நாம் முதலில் செய்வது நிலத்தில் ஒரு கோடு கிழிப்பதுதான். புலிக்கும் யானைக்கும் இது ஓரளவு பலன் தந்திருக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுகளுக்கு இது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்று பிணந்தின்னிக் கழுகு என்று பலரும் சொல்லும் இப்பறவையைச் சங்கப் பாடல்கள் பாறு என்றே குறிக்கின்றன. இழிவு தொனிக்காத அந்தப் பழம்பெயரே பொருத்தமானது. முதுமலை, சத்தியமங்கலம் காப்பகப் பகுதிகளில் ஆற்றோரம் உயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. கூடு காப்பகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இரைதேடி நெடுந்தொலைவு பறக்கும் பறவைக்கு, செத்த மாடு எந்த ஊரில் கிடந்தாலும் அது உணவுதான்.

1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. இந்த வீழ்ச்சிக்கு வேட்டையோ காடழிப்போ காரணம் அல்ல. வலிக்கும் வீக்கத்துக்கும் மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் ஊசியே காரணம் என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் நிறுவியது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்துபோனால், அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் இரத்தத்தில் தேங்கி, ஈரல்மீதும் இதயத்தின்மீதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படிகிறது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக நஞ்சு இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே சடலத்தைப் பல பாறுகள் கூடித் தின்கின்றன. ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகிறது. குஞ்சு வளர்ந்து தானும் இனம்பெருக்க ஐந்தாண்டு வாக்கில் ஆகிறது. இழப்பை ஈடுகட்டும் வேகம் இந்த இனத்துக்கு இல்லை.

டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். தடைக்குப் பின் நடந்ததைப் பார்க்க வேண்டும். மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். ஆனால் மனிதருக்கான மருந்து என்ற பெயரில் 30 மில்லி குப்பிகள் விற்பனையில் இருந்தன, அவை மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. 2015-இல்தான் பெரிய குப்பிகள் தடுக்கப்பட்டன. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணியும் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கிலேயே தெரிந்தும் அதற்கான தடை 2023-இல்தான் வந்தது. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. அதற்கும் தடை அதே ஆண்டில்தான். நிமிசுலைடு 2024-இன் இறுதிவரை காத்திருந்தது. பறவை செத்த பிறகு ஒவ்வொரு மருந்தாகத் தடுத்துக்கொண்டு போவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

மாடு வளர்ப்போரின் சிரமம் இன்னொரு எதிர்வாதம். வலியில் துடிக்கும் மாட்டுக்கு மருந்து வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது 2006-லேயே உறுதியாகிவிட்டது. டோல்ஃபெனாமிக் அமிலமும் அவற்றுக்குத் தீங்கற்றதே. எனவே இதை மாட்டுக்கும் பறவைக்கும் இடையிலான போட்டியாகக் காட்டுவது தவறு. பாறு செய்த வேலையைத் தெருநாய்கள் செய்துவிடும் என்பது மிக மோசமான சமாதானம். பாறுகள் மறைந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பறிபோயின என்று 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று மதிப்பிடுகிறது. அழுகிய சடலங்களால் கெட்ட நீரும், பெருகிய நாய்களும் வெறிநோயும் அதில் சொல்லப்படும் காரணங்கள்.

2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் தென்பட்ட பாறுகள் 320. இவற்றுக்கு இனி இன்னொரு காப்பகம் தேவையில்லை. கால்நடைக்கான எந்த வலிநிவாரணியும், பாறுக்குத் தீங்கற்றது என்று தயாரிப்பாளர் மெய்ப்பித்த பிறகே கடைக்கு வர வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு இறந்த பறவையின் தலையில் இருக்கக் கூடாது.