அழாத குழந்தை

அழாத குழந்தையை நல்ல குழந்தை என்று பாராட்டுவது நம் வழக்கம். ஒரு காலத்தில் இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளும் அவ்வாறே எண்ணின. அவ்வெண்ணத்தைத் திருத்த முன்வந்தவர் மருத்துவர் அல்லர்; ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் சமூகப் பணியாளர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அன்னா பிராய்டு இலண்டனில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைக் கவனிக்கும் பணியில் இருந்தவர் அவர். குழந்தைகளிடம் கண்டதைப் பணியாளர் அனைவரும் எழுதி வைக்கவேண்டும் என்பது அங்கே விதி. அப்பயிற்சியோடு 1948-இல் டாவிஸ்டாக் மருத்துவகத்தில் ஜான் பௌல்பியின் ஆய்வுப் பணியில் சேர்ந்தார்.

அந்நாளில் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்தில் ஓரிரு முறை, அதுவும் சிறிது நேரமே, பிள்ளையைக் காண இயலும். தாய் வந்து சென்றால் குழந்தை அழுகிறது. எனவே அவள் வராதிருப்பதே நலம் என்றனர். ராபர்ட்சன் கண்டதோ வேறு. பிரிந்த குழந்தை முதலில் கதறுகிறது. பின்னர் நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. இறுதியில் எல்லோரோடும் சிரிக்கிறது, தாய் வந்தால் மட்டும் முகம் திருப்பிக்கொள்கிறது. இந்த மூன்றாம் நிலையைத்தான் 'குழந்தை பழகிவிட்டது' என்று மகிழ்ந்தனர்.

எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியை அவர் படம் பிடித்தார்; அப்படம் 1952-இல் வெளியானது. அவள் மிகுதியாக அழவில்லை. அழுகையை அடக்க முயன்ற அச்சிறு முகமே சாட்சி. படத்தைக் கண்ட மருத்துவர் பலர் சினந்தனர். ஆயினும் 1959-இல் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து காணவும், சிறு குழந்தையோடு தாய் தங்கவும் இடமளிக்கப் பரிந்துரைத்தது. பாலூட்டுவதால் மட்டுமே தாயிடம் பற்று பிறக்கிறது என்ற கருத்தை மறுத்து, அண்மையை நாடுவது குழந்தையின் இயல்பான தேவை என்று பௌல்பி 1958-இல் எழுதியிருந்தார்.

பங்கு விடுதியின் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் நானும் பெற்றோரிடம், "முதல் மாதம் வராதீர்கள், பிள்ளை பழகிவிடுவான்" என்று கூறியதுண்டு. பிள்ளைகளும் பழகினார்கள். அழுகை நின்றதைக் கண்டு இறைவனுக்கு நன்றி கூறினேன். அவர்களுள் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்குமோ என்று நான் கேட்கவில்லை.

இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் சிந்தினார். சூழ நின்றவர்கள் அக்கண்ணீரில் அவரது அன்பைக் கண்டுகொண்டார்கள். அழுகிற பிள்ளை இன்னும் நம்புகிறது. தன் குரலைக் கேட்டு ஒருவர் வருவார் என்று நம்புகிறது. அதை அடக்குவதன்று, அதற்குச் செவிகொடுத்துச் செல்வதே நம் பணி.