நெல்லாக நடிக்கும் புல்லும் களையெடுத்த பெண்களும்

இளம்பயிரில் நெல்லோடு நெல்லாக நிற்கும் குதிரைவாலிப் புல்லைப் பிரித்தறிவது எளிதல்ல. இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு நாக்குபோல ஒரு வெள்ளைச் சவ்வும் காதுபோல இரண்டு சிறு மடல்களும் உண்டு. குதிரைவாலிக்கு இரண்டும் கிடையாது. வேளாண் கல்லூரி மாணவி இதைப் பாடமாகப் படிக்கிறாள். தாமிரபரணிக் கரையில் களையெடுத்த பெண்கள் சேற்றில் குனிந்தபடியே நொடியில் கண்டு பிடுங்கினார்கள். மாணவியின் அறிவுக்குப் படிப்பு என்று பெயர். களையெடுப்பவளின் அறிவுக்குப் பெயரே இல்லை. அது கூலி வேலை.

அந்த அறிவின் வலிமைக்குப் புல்லே சாட்சி. சீனத்தின் யாங்சே படுகையில் நெல்வயல் குதிரைவாலிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் ஒரு ஆய்வு வெளியானது. தரையோடு சாய்ந்து வளர்ந்த புல், நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கத் தொடங்கிச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்றது அது. காரணம், களையெடுப்பு. வேறாகத் தெரிந்த செடிகள் கையில் சிக்கின. நெல்லைப் போலிருந்தவை தப்பி விதை போட்டன. ரஷ்யத் தாவரவியலாளர் வவிலோவின் பெயரால் இந்த வேடத்தை அறிவியல் அழைக்கிறது. யாருடைய கண்ணுக்குப் பயந்து புல் வேடம் போட்டதோ, அவர்களின் பெயர் எங்கும் இல்லை.

கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் பாய்ச்சும் இந்தப் பள்ளத்தாக்கில் காரும் பிசானமுமாக இரண்டு போகம். இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, அதற்கேற்பக் களையெடுப்பு. இரண்டையும் செய்தவர்கள் நிலமற்ற பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். பிடுங்கியதெல்லாம் வரப்பில் விழவுமில்லை. ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் மடியில் ஏறி வீட்டுக்குப் போயின. எது களை, எது கறி என்று தீர்மானித்தவளும் அவள்தான்.

1966இல் ஐஆர் 8 வந்தது. குட்டை ரகங்கள் நெட்டை ரகங்களைப் போல நிழல் போட்டுக் களையை அடக்கவில்லை. போட்ட உரத்தைக் களையும் தின்றது. களைக்கொல்லிக்கு வழி திறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவான 2,4-டி அகன்ற இலைச் செடிகளையும் கோரையையும் தாக்கும், புல்லை விட்டுவிடும். கீரை போயிற்று, குதிரைவாலி நின்றது. பின்னர் பூட்டாக்குளோர், பிரெட்டிலாக்குளோர், பிஸ்பைரிபாக் சோடியம் என்று அடுத்தடுத்து மருந்துகள் வந்தன. தெளிப்பானைத் தோளில் மாட்டியவர் ஆண்.

கருவி வந்தபோதும் அதுதான் நடந்தது. 2003–04இல் ஒற்றை நாற்று நடவைத் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நூறு உழவர்களின் வயல்களில் சோதித்தார்கள். உருட்டும் களைக்கருவி வந்ததும் பெண்களின் வேலைநாள் குறைந்தது, ஆண்களின் வேலைநாள் கூடியது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனால் ‘இது ஆம்பளை வேலை, அது பொம்பளை வேலை’ என்று பிரித்துவிட்டால் எதை எதோடு சமம் பார்ப்பது?

புல் சும்மா இருக்கவில்லை. புரோப்பனில் என்ற களைக்கொல்லியை உடைக்கும் நொதி நெல்லில் உண்டு; அதனால் நெல் பிழைக்கும். 1990களில் அமெரிக்காவின் ஆர்கன்சாவிலும் இலங்கையிலும் அந்த மருந்துக்குச் சாகாத குதிரைவாலி கண்டறியப்பட்டது. ஆர்கன்சா புல்லை ஆராய்ந்தபோது, அதே வகை நொதி அதில் பெருகியிருந்தது. முன்பு நெல்லின் உருவத்தைக் கடன் வாங்கிய புல், இம்முறை நெல்லின் செரிமானத்தையும் கடன் வாங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும், சத்தீஸ்கரிலும் பிஸ்பைரிபாக்கை எதிர்க்கும் கோரை வந்துவிட்டது. உருவத்தை மாற்ற நூற்றாண்டுகள் பிடித்தன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தபோது சில பத்தாண்டுகளே போதுமாயின. மருந்துக்கு ஒரு குறி மட்டுமே தெரியும். களையெடுப்பவளோ நிறம் ஏமாற்றினால் தண்டைப் பார்ப்பாள், தண்டு ஏமாற்றினால் கணுவைப் பார்ப்பாள்.

இதனால் பெண்கள் மீண்டும் நாள் முழுக்கக் குனிய வேண்டும் என்றாகாது. முதுகு ஒடியும் வேலை அது. சேற்றுப்புண் தந்த வேலை. அதிலிருந்து விடுபட்டவர்கள் யாரும் அதை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. ஆனால் வேலையோடு கூலியும் கீரையும் போயின. அவர்களின் அறிவைக் கேட்டு எழுதி வைத்தவர்களும் குறைவு. இன்று களைக்கொல்லி எதிர்ப்பைச் சமாளிக்க வல்லுநர்கள் தரும் அறிவுரைகளில் ஒன்று, மருந்துக்குத் தப்பிய செடிகளை விதை போடும் முன் கையால் பிடுங்கிவிடுங்கள் என்பது. அதாவது, அவளை மறுபடியும் கூப்பிடுகிறார்கள். அவள் வருவாள். இம்முறை அவள் கண்ணுக்கும் சேர்த்துக் கூலி பேச வேண்டும்.