தண்டனை மேல்முறையீடு (வன்முறைக் குற்றம்)

கொலை முயற்சி, கொடுங்காயம் போன்ற வன்முறைக் குற்றங்களுக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையை மேல்நீதிமன்றத்தில் எதிர்க்கும் சட்ட உரிமை. குற்றத் தீர்ப்பு, தண்டனை அளவு ஆகிய இரண்டையும் எதிர்க்கலாம். எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலை மாவட்டத்தில், நீதித்துறை நடுவர் தீர்ப்பின் மீது அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள்ளும், அமர்வு நீதிமன்றம் விதித்த சிறைத்தண்டனையின் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் 60 நாளுக்குள்ளும் முறையிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம்.

1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374ஆம் பிரிவு தந்த இவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415ஆம் பிரிவில் உள்ளது. மேல்முறையீடு முடிய ஆண்டுகள் ஆகலாம் என்பதால், தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை கோரும் 430ஆம் பிரிவே நடைமுறையில் மிக முக்கியமானது. பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமெனில், விடுவிக்குமுன் அரசு வழக்கறிஞருக்கு எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும். குற்றவாளி மட்டுமே முறையிட்ட வழக்கில் தண்டனையைக் கூட்ட இயலாது.

ஹோஸ்கோட் வழக்கில் (1978) உச்சநீதிமன்றம், தீர்ப்பு நகலும் வசதியற்றோருக்கு வழக்கறிஞரும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றது. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம்.