லண்டன் புகையும், ஃப்ளூ மேல விழுந்த பழியும்

இன்னைக்கு ஒரு சாவுக் கணக்கைப் பத்திப் பேசப் போறோம். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் எத்தனை பேரைக் கொன்றது? ஒரு பதில் 4,000. இன்னொரு பதில் 12,000. நடுவுல இருக்கிற 8,000 பேர் ரொம்ப வருஷமா ஃப்ளூ காய்ச்சல் கணக்கில் இருந்தாங்க. அது ஏன்னு பார்ப்போம்.

முதல்ல நடந்தது என்ன? டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. கடும் குளிர். வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு எரியுது. ஊருக்குள்ளேயே அனல் மின் நிலையங்கள் வேற. வழக்கமா மேலே போய்க் கலைஞ்சுடும் புகை, அன்னைக்குப் போகலை. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று. அதுக்கு மேலே மூடி போட்ட மாதிரி வெதுவெதுப்பான காற்று. உள்ளே புகையும் கந்தக டை ஆக்சைடும் பனியோடு சேர்ந்து அமிலமா மாறிக்கிட்டு இருந்தது. பேருந்துகள் நின்னுபோச்சு. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துக்குள்ளேயே புகை புகுந்து, மேடை தெரியாமல் ஆபராவைப் பாதியில் நிறுத்தினாங்க. 9ஆம் தேதி காற்று வீசியதும் மூட்டம் கலைஞ்சது.

அந்த நாட்களிலும் அதை ஒட்டிய வாரங்களிலும் வழக்கத்தைவிடக் கூடுதலா இறந்தவங்கதான் அந்த 4,000 பேர். ஆனால் புகை போன பிறகும் சாவு எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கலை. 1953 ஜனவரி, பிப்ரவரியிலும் கோடு மேலேயேதான் இருந்தது. இதுக்கு அரசு அறிக்கை முன்வைத்த விளக்கம்: ஃப்ளூவா இருக்கலாம்.

கேட்க நியாயமான விளக்கம்தான். அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஃப்ளூ உண்மையிலேயே பரவியது. ஆனா அந்த ஒரு விளக்கத்தால் புகை மேல இருந்த பழி 4,000ஓட நின்னுபோச்சு.

மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2001இல் அந்தப் பழைய டேட்டாவை மறுபடி எடுத்தாங்க. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணக்குப் போட்டா கூடுதல் சாவுகள் சுமார் 12,000. 2004இல் டோனி ஃப்ளெட்சரும் சேர்ந்து, ஃப்ளூ விளக்கத்தையே சோதிச்சுப் பார்த்தாங்க. ஃப்ளூவின் பங்கு ஒரு பகுதிதான்னு வந்தது. பெரும்பகுதிச் சாவுகளுக்கு ஃப்ளூதான் காரணம்னா, அந்தக் குளிர்காலத்தில் ஒரு மருத்துவரின் நோயாளிகளிடம் பதிவானதைப் போல நாலு மடங்கு பேருக்கு அது வந்திருக்கணும். வந்தவர்களில் இறக்கும் விகிதமும் ரெண்டு மடங்கா இருந்திருக்கணும்.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழக்கமான சிக்கல். அலாரம் நின்னதும் பிரச்சினை முடிஞ்சதுன்னு டிக்கெட்டை மூடிடுவோம். அந்த அஞ்சு நாளில் பழுதான ஏதோ ஒண்ணு, ரெண்டு மாசம் கழிச்சுக்கூட வேற பெயரில் எர்ரர் காட்டும். கிராஃபை எந்தத் தேதியில் வெட்டுறோம் என்பதே பாதித் தீர்ப்பு.

உடம்புக்குள்ள பழுதாவது எது? மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளிப்படலமும் அதைத் தள்ளிவிடும் நுண்ணிய முடிகளும் இருக்கு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுறது இதுங்க வேலை. நுரையீரலில் கிருமியை விழுங்கும் செல்கள் தனியா இருக்கு. புகை இந்த ரெண்டு காவலையும் பலவீனமாக்குது. அதுக்கப்புறம் வர்ற வைரஸுக்குக் கதவு திறந்தே இருக்கு. அதனால இறப்புச் சான்றிதழில் நிமோனியான்னு எழுதியிருந்தாலும், அதில் புகைக்கும் பங்கு இருக்கலாம்.

இதுக்கு இன்னும் பழைய சாட்சி 1918. அந்த வருஷப் பெருந்தொற்றில் சுமார் 180 அமெரிக்க நகரங்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டாங்க. நிலக்கரியில் மின்சாரம் அதிகம் எடுத்த நகரங்களில் சாவு கூடுதல். போர்க்கால ராணுவ முகாம்கள் பக்கத்தில் இருந்ததும், ஊரின் பொது சுகாதார நிலையும் காரணமா இருந்தது. அதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் புகையின் பங்கு தெளிவாத் தெரிஞ்சது.

லண்டன் பிறகு விழிச்சுக்கிட்டது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புப் புகைக்கும் கட்டுப்பாடு வந்தது. 4,000 என்ற எண்ணே ஒரு சட்டத்தைக் கொண்டுவரப் போதுமா இருந்தது. 12,000ன்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, இன்னும் சீக்கிரம் வந்திருக்குமோ?

அதனால, புகை சூழ்ந்த ஒரு நகரத்தில் "இது வெறும் சீசன் காய்ச்சல்தாங்க"ன்னு யாராவது சொன்னா, ஒரு கேள்வி கேளுங்க: காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் அந்த ஊர்க் காற்று எப்படி இருந்தது?

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.