நம்பத்தகுந்த அச்சம் (அமெரிக்கப் புகலிடச் சட்டம்)

நம்பத்தகுந்த அச்சம் என்பது, எல்லையில் பிடிபட்டு உடனே திருப்பி அனுப்பப்படும் நிலையில் இருப்பவருக்கு அமெரிக்காவில் புகலிடம் கேட்க முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனை. இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்றின் பேரில் தாயகத்தில் துன்புறுத்தப்படுவோம் என்பதை நிறுவக் கணிசமான வாய்ப்பு இருந்தால் ஒருவர் இதில் தேறலாம். சித்திரவதை அச்சமும் கருதப்படும். தேறியவருக்கு அப்போதே புகலிடம் கிடைத்துவிடாது. தம் வழக்கை முழுமையாக எடுத்துச் சொல்லும் உரிமையே கிடைக்கிறது.

தோற்றம்

1991 செப்டம்பரில் ஹெய்ட்டி அதிபர் அரிஸ்டீட் கவிழ்க்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் படகேறித் தப்பினர். அவர்களைக் கடலில் மறித்த அமெரிக்கா, குவாண்டனமோ தளத்தில் இந்த அளவுகோலைக் கொண்டே வடிகட்டியது. 1992 மே மாதம் அதிபர் புஷ் அந்த விசாரணையையும் நிறுத்தி, பிடிபட்டவர்களை நேரே ஹெய்ட்டிக்கு அனுப்ப ஆணையிட்டார்.

1996 செப்டம்பர் 30 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம், நீதிபதியிடம் அனுப்பாமலே வெளியேற்றும் அதிகாரத்தை எல்லை அதிகாரிகளுக்குத் தந்தது. ஆபத்தில் இருப்பவர் அந்த அவசரத்தில் பலியாகாதிருக்க, நம்பத்தகுந்த அச்ச நேர்காணல் அதே சட்டத்தில் காப்பாகச் சேர்க்கப்பட்டது. 1997 ஏப்ரல் 1 முதல் இது நடப்பில் உள்ளது.

தேறாதவர் குடிவரவு நீதிபதியிடம் மறுபரிசீலனை கோரலாம். அதற்கு மேல் வழி அநேகமாக அடைபட்டிருக்கிறது. இச்சோதனையில் தேறாத இலங்கைத் தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றங்களில் முறையிட அவருக்கு உரிமை இல்லை என 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

தேறிய பின்

வழக்கமாக, தேறியவரிடம் குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகும்படி அறிவிப்பு தரப்படும். அங்கு அவர் வெளியேற்ற வழக்கின் எதிர்த்தரப்பு. புகலிடக் கோரிக்கையே அவருடைய தற்காப்பு. 2022 மே 31-இல் தொடங்கிய மாற்று முறையில், சிலரின் கோரிக்கையைப் புகலிட அதிகாரியே முழுமையாக விசாரித்தார்.

பலர் இடறுவது காலக்கெடுவில். அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வழக்கமான பாதையில், நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் புகலிட விண்ணப்பமான ஐ-589 படிவத்தைத் தனியே தாக்கல் செய்ய வேண்டும். இதை அரசு தெரிவிக்கவில்லை என்று தொடரப்பட்ட வழக்கில், தேறியோருக்குக் கெடுவை முறையாக அறிவிக்க வேண்டும் என 2018-இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது.

மற்றோர் இடர் நேர்காணல் குறிப்பு. நேர்காணல் பெரும்பாலும் தொலைபேசியிலேயே நடக்கும். மொழிபெயர்ப்பாளரும் இன்னொரு தொலைபேசி இணைப்பில் இருப்பார். அதிகாரி எழுதுவது சொல்லுக்குச் சொல் பதிவன்று, சுருக்கமே. ஆயினும் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அரசு வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் நீட்டுவார். வழக்கின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டைக் கொண்டும் ஒருவரை நம்பத்தகாதவர் என்று நீதிபதி முடிவுகட்ட 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. குறிப்பின் நகலை வாங்கிப் படித்து, பிழையிருந்தால் தொடக்கத்திலேயே சுட்டுவது முக்கியம்.

காவலும் பிணையும்

தேறினாலும் விடுதலை உறுதியில்லை. எல்லைச் சாவடிகளுக்கு இடையே நுழைந்து பிடிபட்டவர்கள் நீதிபதியிடம் பிணை கோரலாம் என 2005-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் கூறியது. சாவடியில் வந்து கேட்டவர்களுக்கு, அடையாளம் உறுதியாகி, தப்பியோடும் வாய்ப்போ ஆபத்தோ இல்லையெனில் பரோல் (தற்காலிக விடுவிப்பு) தரலாம் என்பது 2009-ஆம் ஆண்டு வழிகாட்டல். 2019-இல் அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் வாரியத்தின் 2005 முடிவை ரத்து செய்தார். அது நெடிய வழக்குகளுக்கு வித்திட்டது. காவலில் இருப்பவருக்குச் சான்றுகள் திரட்டுவதும் வழக்கறிஞரைத் தேடுவதும் பெரும்பாடு.

இறுதி விசாரணை

இங்கு அளவுகோல் உயர்கிறது: நன்கு ஆதாரமுள்ள அச்சத்தை மெய்ப்பிக்க வேண்டும். துன்புறுத்தலுக்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பிருந்தாலும் அந்த அச்சம் ஆதாரமுள்ளதாகலாம் என்பது 1987-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் கருத்து. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், அரசு செலவில் கிடைக்காது. 2023 இறுதிக்குள் நிலுவை வழக்குகள் 30 லட்சத்தைத் தாண்டியதால் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகலாம். புகலிடம் கிடைத்தால் மனைவி அல்லது கணவரையும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்குப் பின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் வெளியிட்ட பிரகடனம், தெற்கு எல்லை வழியே வருவோர் புகலிடம் கேட்பதையே தடுக்க முனைந்தது. ஆனால் அவசர வெளியேற்றத்துக்கு எதிரான காப்பாகவே நம்பத்தகுந்த அச்சச் சோதனை சட்டத்தில் இடம்பெற்றது. தேறியவருக்கு நேர்மையான விசாரணையும் அதற்குத் தயாராகப் போதிய அவகாசமும் கிடைத்தால்தான் அந்தக் காப்பு பொருளுடையதாகும்.