எழுப்ப மறந்த மதன்

1956ஆம் ஆண்டு பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியபோது, நாட்டுக்கூத்து நகர அரங்கையும் ஆளவல்லது என்பது புலனாயிற்று. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பெற்ற மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' ஆகியவற்றை அளித்தார்.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்முடன் கொணர்ந்த காமன் கூத்தோ வேறு வகையினது. மாசியில் கம்பம் நட்டு, தப்பு முழங்க, தோட்டத்து லயங்களின் நடுவே ரதியும் மதனும் ஆடுவர். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்தபின், ரதி வேடமிட்ட ஆடவன் ஒப்பாரி வைப்பான். சூழ நிற்கும் பெண்கள் தத்தம் வீட்டு இழவுகளை எண்ணித் தேம்புவர். அவர்களைப் பார்வையாளர் என்று சொல்லவே நாக்கூசுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஹற்றனுக்கு அண்மையில் இக்கூத்தை மாணவரைக் கொண்டு அரைமணி நேரத்துக்குச் சுருக்கி மேடையேற்றினேன். ரதியின் புலம்பலோடு திரை விழுந்தது. இளைஞர் பலத்த கரவொலி எழுப்பினர். எனக்கும் பெருமிதமே, மறைப்பானேன்! மூதாட்டி ஒருவர் மட்டும் வாயிலில் என்னை மறித்தார்.

"மதன எரிச்சீங்க. எழுப்பாமப் போறீங்களே, வாத்தியாரய்யா?"

ரதியின் வேண்டுதலால் மதன் மீண்டும் உயிர்பெறுவதை நான் அறியாதவனல்லன். நேரம் போதவில்லை என்றேன். அவர் மறுமொழி கூறாது சென்றுவிட்டார். மறுவாரமே எழுப்பும் காட்சியைப் பயிற்றத் தொடங்கினோம். அதற்கு இடமளிக்க, கரவொலி பெற்ற நடனத்தில் பாதியை வெட்ட நேர்ந்தது.