மண் சுமந்த பன்னாட்டுத் தொண்டர்

வைகை பெருகிக் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு அனுப்புவதற்கு ஆளில்லை. கூலியாளாக வந்த இறைவன் அவள் பங்குக்கு மண் சுமந்தான் என்பது திருவிளையாடற் புராணம் கூறும் கதை. அக்கதையினுள் எக்காலத்துக்கும் உரிய வினா ஒன்று உண்டு. அரசன் ஆணை எல்லார்க்கும் ஒன்றே. ஆள்வலியோ எல்லார்க்கும் ஒன்றன்று. வெள்ளம் வடிந்த பின், தன் பங்கை அடைக்க ஆளில்லாதவருக்கு யார் வந்து மண் சுமப்பது?

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவுக்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடை கூற முயன்றவருள் ஒருவர், சுவிட்சர்லாந்து நாட்டினரான பியர் செரசோல். பல நாட்டு இளைஞர் ஓரிடத்தில் கூடித் தங்கி, ஊதியம் பெறாது, துயருற்ற மக்களுக்காக உடலுழைப்பு நல்கும் பன்னாட்டுத் தொண்டர் முகாம் என்னும் முறை அவர் முயற்சியால் வேரூன்றியது. அதன் வரலாற்றில் இரண்டு வெள்ளங்களுக்குச் சிறப்பான இடம் உண்டு. ஒன்று ரைன் ஆற்றங்கரையில் நிகழ்ந்தது. மற்றொன்று இந்தியாவின் பீகாரில்.

போர்க்களத்தில் தொடக்கம்

செரசோல் 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் லோசான் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் பால் செரசோல் சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக விளங்கியவர். மைந்தரோ கணிதமும் பொறியியலும் கற்று, அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் ஆகிய இடங்களில் உழைத்து வாழ்ந்து தாயகம் திரும்பினார். பிற்காலத்தில் ஆசிரியப் பணியும் ஆற்றினார்.

சுவிட்சர்லாந்தில் உடல்நலமுள்ள ஆடவர் அனைவரும் படைப்பணி ஆற்ற வேண்டும். ஆற்றாதவர் அதற்கீடாக வரி செலுத்த வேண்டும். முதல் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில் செரசோல் அவ்வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றார். பின்னரும் அவர் பன்முறை சிறை புகுந்தார். ஆயினும், மறுப்பதோடு கடமை முடிந்துவிடும் என்று அவர் கருதவில்லை. போர்வீரன் தன் நாட்டுக்காகப் பசி, குளிர், களைப்பு அனைத்தையும் ஏற்கின்றான். போரை மறுப்பவன் அவற்றுள் எதனை ஏற்கின்றான்? வீட்டில் இருந்துகொண்டு அமைதியைப் பற்றிப் பேசுவது போதுமா? இவ்வினா அவரை வருத்தியது. ஆகவே படைப்பணிக்கு நிகரான கடுமையும் ஒழுங்கும் உடைய ஆக்கப்பணி ஒன்று வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

1920ஆம் ஆண்டு நவம்பரில் முதல் முகாம் பிரான்சு நாட்டு எஸ்ன் என்னும் சிற்றூரில் அமைந்தது. 1916ஆம் ஆண்டின் வெர்டன் பெரும்போரில் அழிந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கே ஒரு சிறு குழு குண்டுக்குழிகளை நிரப்பியது, பாதையைச் செப்பனிட்டது, குடியிருக்க மரவீடுகளை எழுப்பியது. குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். நான்காண்டுகளுக்கு முன் எந்நாட்டுப் படையோடு போரிட்டு ஊர் அழிந்ததோ, அந்நாட்டார் மண்வெட்டி ஏந்தி வந்து நின்றதை அப்பகுதியினர் பலரால் பொறுக்க இயலவில்லை. ஜெர்மானியர் இருப்பதற்கு எதிர்ப்பு வலுத்ததால், 1921ஆம் ஆண்டு இளவேனிலில் முகாம் கலைந்தது.

அக்குழு உடைந்ததே அன்றிக் கருத்து உடையவில்லை. 1924ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லே சோர்மோன் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு வீழ்ந்த நிலத்தைத் தூய்மை செய்ய மற்றொரு முகாம் கூடியது. அதனை நடத்தத் துணைநின்றவர் செரசோலின் உடன்பிறந்தாராகிய எர்னெஸ்ட். அவரோ சுவிஸ் படையில் கர்னல். படையை மறுத்தவரும் படையதிகாரியும் ஒரே வேலையில் தோள் கொடுத்தனர். கொள்கையில் வேறுபட்டோரும் ஒரே குழியை நிரப்ப இயலும் என்பதற்கு அக்குடும்பமே சான்றாயிற்று.

ரைன் கரை உடைந்த நாள்

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையில் உள்ள லிச்டென்ஸ்டைன் மிகச் சிறிய நாடு. அதன் பரப்பு ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர். அக்காலத்தில் மக்கள் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர். அதன் மேற்கெல்லையாக ரைன் ஆறு ஓடுகின்றது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் அவ்வாறு நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. சரளைக் கல்லையும் மணலையும் கொணர்கின்றது. இருபுறமும் உயர்ந்த கரை கட்டி ஆற்றை நடுவில் அடக்கியபோது, அக்கல்லும் மணலும் அகன்ற நிலத்தில் பரவ வழியின்றி ஆற்றின் படுகையிலேயே தங்கின. படுகை மேடாயிற்று. படுகை உயர உயரக் கரையையும் உயர்த்த வேண்டியதாயிற்று. காலப்போக்கில் ஆறு மேலும் ஊர் கீழுமாக நிற்கும் நிலை தோன்றியது.

1927ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் பெருமழையால் பொங்கிய ஆறு, ஷான் என்னும் ஊரின் இரயில் பாலத்தருகே கரையை உடைத்தது. ஷான் முதல் வடகோடியில் உள்ள ருகெல் வரை தாழ்நிலம் முழுதும் நீரில் மூழ்கியது. நீர் வடிந்த பின்னரே உழவர் தம் இழப்பை முழுதும் கண்டனர். விளைநிலத்தின் மேல் சரளையும் சேறும் படிந்து கிடந்தன. வீட்டுச் சுவரை மறுபடி எழுப்பலாம். ஆனால் கல் மூடிய வயலை மீட்பதற்கு எண்ணற்ற கைகள் வேண்டும். பத்தாயிரம் பேர் கொண்ட நாட்டில் அத்தனை கைகள் ஏது?

1928ஆம் ஆண்டு இளவேனில் தொடங்கி இலையுதிர் காலம் வரை அங்கே நடந்த முகாமில், ஏறத்தாழ இருபது நாடுகளிலிருந்து எழுநூற்றுக்கு மேற்பட்ட தொண்டர் முறைவைத்து வந்து உழைத்தனர். மாணவர், தொழிலாளர், ஆசிரியர் எனப் பல நிலையினர் அவருள் இருந்தனர். ஒருவர் மொழி மற்றொருவர்க்கு விளங்காது. வேலையோ எல்லார்க்கும் விளங்கிற்று: மண்வெட்டியால் சரளையை அள்ளித் தள்ளுவண்டியில் ஏற்றி அகற்ற வேண்டும்; அடியில் புதைந்த மண்ணை மீண்டும் வெளிக்கொணர வேண்டும். எஸ்னில் ஒரு கைப்பிடி அளவாக இருந்த முயற்சி, எட்டாண்டுகளில் ஒரு நாட்டின் துயரில் பங்கு கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. 1930ஆம் ஆண்டு மார்ச்சில் தென்மேற்குப் பிரான்சில் தார்ன் ஆறு பெருகிப் பேரழிவு விளைத்தபோது, லகார்ட் என்னும் ஊரில் தொண்டர் மீண்டும் கூடினர். முதல் முகாம் கலைந்துபோன அதே நாட்டு மண் அது என்பது நினைக்கத்தக்கது.

பீகாரின் மணல்

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பிற்பகல், நேபாளத்தையும் பீகாரையும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முங்கேர், முசபர்பூர் முதலிய நகரங்கள் இடிந்தன. நிலம் வெடித்து மணலும் நீரும் பீறிட்டு எழுந்தன. வயல்கள் மணலில் புதைந்தன, கிணறுகள் தூர்ந்தன, பல இடங்களில் நிலம் தாழ்ந்தது. ஆகையால் பின்வந்த மழைக்காலங்களில் முன்னர் நீர் ஏறாத ஊர்களிலும் வெள்ளம் ஏறியது. நடுக்கம் ஒரு நாளில் முடிந்தது. வெள்ளத் துயர் ஆண்டுதோறும் தொடர்ந்தது.

சிறையிலிருந்து விடுபட்ட இராசேந்திர பிரசாத் உதவிக்குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவின் கணக்குப் பொறுப்பை ஏற்றவர் தஞ்சையில் பிறந்த தமிழர் ஜே. சி. குமரப்பா. துயர் துடைக்க வந்த பணத்தில் ஒரு காசும் வீணாகாதவாறு அவர் விதிகளை வகுத்தார். காந்தியடிகளுடன் வந்தோரின் செலவுக்காகவும் அவ்விதியைத் தளர்த்த மறுத்தார் என்று கூறுவர். அடிகளும் அதனை ஏற்றுக்கொண்டாராம்.

1931ஆம் ஆண்டு இறுதியில் காந்தியடிகள் சுவிட்சர்லாந்து சென்றிருந்தபோது செரசோல் அவரைச் சந்தித்திருந்தார். பீகாரின் செய்தியறிந்து 1934ஆம் ஆண்டிலேயே இந்தியா வந்து நிலைமையை நேரில் கண்டார். பின் சில தோழருடன் மீண்டும் வந்தார். 1937ஆம் ஆண்டு வரை அப்பணி நடந்தது. வெள்ளம் ஏறும் ஊர்களைக் கைவிட்டு, மேட்டு நிலத்தில் புதிய குடியிருப்பை அமைப்பதே முசபர்பூர்ப் பகுதியில் அவர்கள் மேற்கொண்ட வேலை. அவ்வாறு எழுந்த ஊர்களுள் ஒன்று சாந்திபூர்.

வந்த ஐரோப்பியரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். உழைக்கும் கைகளுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை; ஆறாயிரம் கல் கடந்து சிலர் வந்துதான் வீடு கட்ட வேண்டுமா என்று கேட்பது எளிது. ஆனால் அக்காலத்து இந்தியாவில் வெள்ளையர் என்றால் ஆணையிடுபவர் என்றே ஊர்மக்கள் அறிந்திருந்தனர். அத்தகையோர் ஊராருடன் வெயிலில் நின்று மண் சுமந்தனர். மேலும், ஆங்கில ஆட்சியினரும் தேசிய இயக்கத்தாரும் ஒருவரை ஒருவர் ஐயுற்ற வேளையில், இருசாராரோடும் கூடி வேலை செய்ய வேண்டும் என்பதில் செரசோல் உறுதியாக நின்றார். எழுப்பிய சுவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இப்பணியை மதிப்பிடுதல் பொருந்தாது.

முகாமின் முறை

இம்முகாம்களின் நடைமுறை எளிமையானது. தொண்டர்க்கு ஊதியம் இல்லை. உணவும் உறைவிடமும் உண்டு. கூலி கொடுத்துச் செய்விக்கக்கூடிய வேலையைத் தொண்டர் ஏற்றலாகாது. ஏற்றால் உள்ளூர்த் தொழிலாளியின் பிழைப்பு கெடும். பேச்சைவிடச் செயலே மேல் என்பது அவர் தம் கொள்கை மொழி. மதத்தையோ அரசியலையோ பரப்புவதற்கு முகாம் களம் ஆகாது.

குறைகளும் இருந்தன. தொடக்க கால முகாம்களில் பெண்கள் ‘சகோதரியர்’ எனப்பட்டனர். சமைத்தலும் துவைத்தலும் கிழிந்ததைத் தைத்தலும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவர்கள் உழைப்பின்றி ஒருநாளும் மண்வெட்டிகள் இயங்கியிரா. ஆயினும், புகழ் மண்வெட்டி பிடித்தவர்க்கே சென்றது. நாடு, இனம் என்னும் வேலிகளைக் கடந்த இயக்கத்துக்கு அடுக்களை வேலியைக் கடக்க மேலும் காலம் வேண்டியிருந்தது.

தொண்டும் அரசின் கடனும்

தொண்டர் முகாமால் வெள்ளத்தைத் தடுக்க இயலுமா? இயலாது. ரைன் ஆற்றின் வயல்களைத் தொண்டர் மீட்டனர். ஆற்றையோ பொறியாளர் ஆராய்ந்தனர். பிற்காலத்தில் படுகையிலிருந்து சரளையைப் பெருமளவு தோண்டி எடுத்ததால் ஆற்றின் மட்டம் தாழ்ந்தது.

பீகாரின் அனுபவம் வேறு. இமயத்திலிருந்து நேபாளம் வழியாக வண்டலைச் சுமந்துவரும் கோசி ஆற்றுக்கு 1955ஆம் ஆண்டு முதல் இருபுறமும் கரை எழுப்பப்பட்டது. ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் சிரமதானமாக மண் சுமந்தனர். ஆனால் ரைன் கற்பித்த பாடம் அங்கும் பொருந்தியது. கரைகளுக்கிடையே வண்டல் தங்கிப் படுகை உயர்ந்தது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நேபாளத்தின் குசகா என்னுமிடத்தில் கரை உடைந்து, பீகாரில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் துன்புற்றனர். தூய நெஞ்சத்தோடு சுமந்த மண்ணும் ஆற்றின் இயல்பை அறியாது கொட்டப்பட்டால் காவல் ஆகாது. தொண்டரின் கையைக் காட்டி அரசு தன் கடனைத் தட்டிக்கழித்தலும் தகாது.

அங்ஙனமாயின் முகாமின் பயன் யாது? வெள்ளத்தில் அனைத்தும் இழந்தவர், பொருளோடு ஊக்கத்தையும் இழக்கின்றார். கல் மூடிய வயலின் வரப்பில் தனியே நிற்கும் உழவர் எங்கிருந்து தொடங்குவது என்று அறியாது திகைக்கின்றார். அப்பொழுது அயலான் ஒருவன் வந்து முதல் கூடையை எடுத்தால், இரண்டாம் கூடையை அவரே எடுப்பார். உதவிப்பொருள் அனுப்புவோர் தொலைவில் நின்றும் அனுப்பலாம். முதல் கூடையை எடுக்க அருகில் வந்தாக வேண்டும்.

இந்த முயற்சி செரசோலோடு முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது எல்லை கடந்து ஜெர்மனிக்குள் புகுந்து சிறைப்பட்ட அவர், 1945ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் மறைந்தார். 1948ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொண்டர் அமைப்புகளை ஒருங்கிணைக்கும் குழு யுனெஸ்கோவின் துணையோடு தோன்றியது. எதற்காக அவர் சிறை சென்றாரோ அது மட்டும் மெல்ல வந்தது. படைப்பணிக்கு மாற்றாகப் பொதுப்பணி ஆற்றும் உரிமைக்கு 1992ஆம் ஆண்டு சுவிஸ் மக்கள் வாக்களித்தனர். 1996ஆம் ஆண்டு அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. எஸ்னில் முதல் குழி நிரப்பப்பட்டு அப்போது எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

வந்தியின் பங்கை அடைக்காத ஆள்மேல் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது என்று கதை முடிகின்றது. ரைன் பல நாடுகளின் வழியே ஓடுகின்றது. கோசி ஒரு நாட்டில் உடைந்து மற்றொரு நாட்டை மூழ்கடித்தது. அடி எல்லார்க்கும் பொது என்பதை ஆறுகள் அறிந்திருக்கின்றன. கூடையும் பொது என்று கருதி வந்தவர் சிலரே. அச்சிலரின் வரலாறு மாணவர்க்குச் சொல்லத்தக்கது.